நடுவில் இடைவெளி உள்ள பாலம்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. என்னிடம் கேட்கப்பட்டது. கேட்டவர் ஒரு வெளிநாட்டு இராணுவத்தின் பொறியியல் பிரிவைச் சேர்ந்த மேஜர். ஒரு பக்கம் போதும் என்றார். ஆங்கிலத்தில். இந்தப் பாலத்தால் வாழ்க்கை மாறிய ஒருவரைப் பற்றி.

பக்கம் நன்றாக அமைந்தால் பாலம் இந்த மாரிக்காலம் முடியும்வரை இருக்கும். அமையாவிட்டால் மார்கழிக் கடைசியில் மடித்துக் கப்பலில் ஏற்றிவிடுவார்கள்.

நான் ஆங்கில ஆசிரியன். பிள்ளைகளைக் கதை எழுதச் சொல்லிப் புள்ளி போட்டிருக்கிறேன். கதைக்குப் பரிசாகப் பாலம் கிடைக்கும் என்று எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை.

நீங்கள் இப்போது வாசிப்பது அந்தப் பக்கம் அல்ல. அதை எழுத உட்கார்ந்தபோது அதைச் சுற்றிச் சேர்ந்தது. அந்தப் பக்கம் இதற்குள் ஓரிடத்தில் கிடக்கிறது. வரும்போது சொல்கிறேன்.

2

தொடக்கங்கள்.

(அ) "சவளக்கடையில் மழை பெய்துகொண்டிருந்தது."

[வேண்டாம். கார்த்திகையில் எங்கள் சவளக்கடையில் மழை பெய்தது என்பது செய்தியே அல்ல.]

(ஆ) "ஏழை விவசாயிகள் வாழும் ஓர் அழகிய கிராமத்தில்"

[மேஜர் தந்த மாதிரிக் கதை இப்படித்தான் தொடங்குகிறது. அது வேறொரு கண்டத்தில் தோண்டிய கிணற்றைப் பற்றியது. பெயர்களை மாற்றினால் எங்களுக்கும் பொருந்தும். பொருந்தியதுதான் பயமாக இருந்தது.]

(இ) "என் மனைவி அஸ்பியா சென்ற வருட வெள்ளத்தில் இந்தத் தாம்போதியின் நடுவில்"

[இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. இப்போதைக்கு இப்படியே கிடக்கட்டும்.]

(ஈ) "பாலம் விரிந்தது."

இதிலிருந்து தொடங்கலாம்.

3

பாலம் விரிந்தது.

முதலில் இடம். எங்கள் ஊருக்கும் கல்முனைக்கும் நடுவில் ஆறு. ஆற்றின் மேல் இருப்பது தாம்போதி. அதாவது தண்ணீரைத் தன்மேல் ஓடவிடும் தாழ்ந்த வீதி. கோடையில் அதில் ஆடு படுத்திருக்கும். மாரியில் வீதி எது ஆறு எது என்று தெரியாது. ஆஸ்பத்திரி, சந்தை, வங்கி எல்லாம் கல்முனைப் பக்கம். வயலும் தயிரும் நாங்களும் இந்தப் பக்கம். மாரி வந்தால் காலிதீனின் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறித்தான் கடப்போம். இந்தக் கார்த்திகையில் வெள்ளம் தாம்போதியின் நடுவையே அறுத்துக்கொண்டு போனது. காலிதீனும் வீட்டில் இருந்துவிட்டான்.

அரசாங்கம் உதவி கேட்டது. அவர்கள் வந்தார்கள்.*

வந்தது ஒரு யுத்த தாங்கி. சங்கிலிச் சக்கரம், தடித்த இரும்பு, எல்லாம் யுத்த தாங்கிக்கு உரியவை. பீரங்கி இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் பீரங்கி இல்லை. மடித்த பாலம் இருந்தது.

இரண்டு கரையிலும் சனம். அதிகாரிகள் குடை பிடித்து நின்றார்கள். இயந்திரம் உறுமியது. இரும்பு முதலில் நேராக மேலே எழுந்தது, வயலில் குனிந்திருந்த கொக்கு கழுத்தை நிமிர்த்துவது போல. எங்கள் பள்ளிவாசல் மினாராவின் பாதி உயரத்துக்கு எழுந்தது. பிறகு வானத்தில் வைத்து இரண்டாகப் பிரிந்து, நீண்டு, ஆற்றின் மேலாக இறங்கியது. சத்தமில்லாமல் அந்தக் கரையில் உட்கார்ந்தது.

[இங்கே ஓர் உவமை இருந்தது. குழந்தையைக் கிடத்துவது போல என்று. எடுத்துவிட்டேன்.]

யாரோ ஒரு பெண் "சுபஹானல்லாஹ்" என்றாள். பிறகு கரை முழுவதும் அதே சொல். என் வாய் திறந்திருந்தது. ஒரு வருடமாக எனக்கு எதுவும் பெரிதாகத் தெரிந்ததில்லை. மழை, வெயில், சம்பளம், பெருநாள் எல்லாம் ஒரே அளவு. அந்த இரும்பு மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

காலிதீன் என் தோளில் தட்டினான். "சேர், ஊத்தின தேத்தண்ணி ஆற முதல் பாலம் போட்டுட்டானுகள். நம்மட ஆக்களா இருந்தா அடிக்கல் வைக்கவே ரெண்டு எலெக்சன் போயிருக்கும்."

"உன்ட தொழில் போச்சே."

"போகட்டும் சேர். இத ஒருக்காப் பாக்கிறதுக்கு ரெண்டு தொழில் போனாலும் பரவாயில்ல."

*அந்த நாட்டின் பெயர் முதல் வரைவில் இருந்தது. பெயரைப் பார்த்ததும் வாசிப்பவர் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறார், பாலத்தைப் பார்ப்பதில்லை. நீங்கள் விரும்பும் நாட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு நீங்கள் வெறுக்கும் நாட்டையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். இரும்பு ஒன்றுதான்.

4

இது கதை அல்ல, இடையில் ஒரு யோசனை. அவசரம் உள்ளவர்கள் ஐந்துக்குப் போகலாம்.

எனக்கு மொழிபெயர்ப்பாளன் வேலை தந்தபோது மேஜர் தங்கள் பாதுகாப்பு வரவு செலவுத் திட்டத்தை மடிகணினியில் திறந்து காட்டினார். எங்கிருந்து காசு வருகிறது என்று சனம் கேட்டால் நான் பதில் சொல்ல வேண்டுமாம். உருட்டிக்கொண்டே போனார். நீர்மூழ்கிக் கப்பல். ஏவுகணை. அவற்றைச் செலுத்துவோரின் பல் வைத்தியம். வெடிமருந்து. இசைக்குழுவின் சீருடை. எங்கோ ஆழத்தில் ஒரு வரி: "வெளிநாட்டு மனிதாபிமான உதவியும் போர் சாராத ஏனைய செயற்பாடுகளும்."

"நீங்கள் இதற்குள் இருக்கிறீர்கள்" என்றார்.

ஊரின் பெயர் அதில் இல்லை. ஆனாலும் எங்கள் தாம்போதி, அதில் மிதந்து ஓடும் ஆற்றுவாழைச் செடி, காலிதீன், என் மனைவியின் தங்கை ஜெனூபாவின் வயிற்றில் இருப்பது எல்லாம் அந்த ஒரு வரிக்குள் எப்படியோ அடங்கியிருந்தன. மேலே ஏவுகணை. கீழே வேறு ஏதோ ஆயுதம். நடுவில் நாங்கள்.

யாரோ ஒருவர் எங்கோ ஒரு மேசையில் இருந்து யுத்த தாங்கியின் பாரத்தைக் கணக்கிட்டிருக்கிறார். எதிரியின் ஆற்றைத் தன் தாங்கிகள் எவ்வளவு விரைவாகக் கடக்க வேண்டும் என்று யோசித்திருக்கிறார். அந்த யோசனை எத்தனையோ கடல் தாண்டி வந்து, தயிர் நிரம்பிய மண் முட்டியைத் தலையில் சுமந்த கனகேஸ்வரி அக்காவின் காலடியில் அசையாமல் கிடக்கிறது. கணக்கிட்டவர் அதை நினைத்திருக்கவே மாட்டார். அக்காவும் அவரை நினைப்பதில்லை.

இதே வகைப் பாலம் இதே நேரம் வேறெங்காவது அதன் சொந்த வேலைக்காக விரிந்துகொண்டிருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரியாது என்பதையும் எழுதிவைக்கிறேன்.

5

பாலத்தின் அமைப்பை இங்கே சொல்ல வேண்டும். கதை இதில்தான் நிற்கிறது.

அது அகலமான ஒரு தளம் அல்ல. இரண்டு தடம். தாங்கியின் இரண்டு சங்கிலிகளுக்கும் இரண்டு இரும்புத் தடம். வடக்கில் ஒன்று, தெற்கில் ஒன்று. நடுவில் இடைவெளி. குனிந்தால் கீழே தண்ணீர் தெரியும். வெளி ஓரங்களில் சிப்பாய்கள் கயிறு கட்டினார்கள். கார், வேன், அம்புலன்ஸ் இரண்டு தடத்திலும் சில்லு வைத்துப் போகும். ஆட்டோ போகாது. அதன் முன்சில்லு நடுவில் அல்லவா இருக்கிறது!

முதல் நாள் நடந்து கடக்க விட்டபோது கனகேஸ்வரி அக்கா தயிரோடு முதலில் ஏறினார். வடக்குத் தடத்தில். அவருக்குப் பின்னால் பெண்கள் எல்லோரும் வடக்குத் தடத்தில் ஏறினார்கள். ஆண்கள் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுத் தெற்குத் தடத்துக்குப் போனார்கள். யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அன்றிலிருந்து வடக்கு பெண்களுக்கு, தெற்கு ஆண்களுக்கு. தமிழர், முஸ்லிம்கள் எல்லோரும் அப்படித்தான். வாகனம் வந்தால் எல்லோரும் இறங்கி நிற்பார்கள். போனதும் மறுபடி தத்தம் தடம்.

மேஜர் திகைத்துப்போனார். "யார் இந்த உத்தரவைக் கொடுத்தது?"

காலிதீனிடம் கேட்டேன். அவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"என்ன சேர் கேள்வி? அவங்கதானே ரெண்டு தடம் போட்டுத் தந்தது?"

"அது டாங்கிக்கு, காலிதீன்."

"டாங்கிக்கா? இஞ்ச எங்க சேர் டாங்கி? பொம்புளைக்கி ஒண்டு, ஆம்புளைக்கி ஒண்டு. நம்மட ஒழுங்கு தெரிஞ்ச ஆக்கள். கடல் தாண்டி வந்தவனுக்கு இருக்கிற மரியாத நம்மட கச்சேரி அதிகாரிமாருக்கு இருக்கா?"

ஊர் முழுவதும் அப்படித்தான் நம்பியது. ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் ஒலிபெருக்கியில் நன்றி சொன்னார்கள்: எங்கள் பெண்களின் கண்ணியத்தை அறிந்து பாலம் அமைத்த வெளிநாட்டுப் பொறியியலாளர்களுக்கு. மேஜர் அது என்ன அறிவிப்பு என்று கேட்டார். சொன்னேன். பிறகு, "எங்களை யாரும் இவ்வளவு நல்லவர்களாகத் தவறாகப் புரிந்துகொண்டதில்லை" என்றார்.

மேஜர் ஒரு பெண். அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. இராணுவத் தொப்பியும் சப்பாத்துமாக முதல் நாள் அவர் தெற்குத் தடத்தில், ஆண்களுக்கு நடுவில் நடந்தார். எதிரே வடக்கில் வந்த பெண்கள் நின்றுவிட்டார்கள்.

"மிஸ், இஞ்சால வாங்க! அது ஆம்புளயள்ட பக்கம்!"

கனகேஸ்வரி அக்கா தயிர் முட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இடைவெளிக்கு மேலாக மறு கையை நீட்டினார். மேஜர் அந்தக் கையைப் பிடித்துத் தாண்டினார். அதன் பிறகு அவர் வடக்குத் தடத்தில்தான் நடக்கிறார்.

6

சிக்கல் இதிலிருந்துதான் வந்தது.

யாரோ எடுத்த படம் ஒன்று அவர்களுடைய அலுவலகத்துக்குப் போயிருக்கிறது. அழகான படம். வடக்கில் முக்காடுகள், குடைகள். தெற்கில் சாரன்கள், சைக்கிள்கள். அங்கிருந்து கேள்வி வந்தது. போர் சாராத நிதியில் போட்ட பாலத்தில் பெண்கள் ஏன் ஒதுக்கி நடத்தப்படுகிறார்கள்? இதைத் தொடர்வதற்கு என்ன நியாயம்?

மேஜர் என்னைக் கூடாரத்துக்கு அழைத்தார். மழை கூடாரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. ஆங்கிலத்தில் பேசினோம்.

"இலக்கங்கள் அவர்களிடம் இருக்கின்றன. எத்தனை வாகனம், எத்தனை பேர் எல்லாம் தெரியும். அதை வைத்து யாரும் கையெழுத்திடுவதில்லை. ஒரு மனிதரின் கதை வேண்டும். ஒரு பெண்ணின் கதையாக இருந்தால் இன்னும் நல்லது."

"பாலத்தால் வாழ்க்கை மாறிய பெண்."

"ஆம். உங்களுக்கு யாரையாவது தெரியுமா?"

"யோசிக்கிறேன்" என்றேன்.

அஸ்பியாவைப் பற்றி அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லியிருக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

7

வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

நான் கல்முனைக்குடிக்காரன். கலியாணம் முடித்துச் சவளக்கடைக்கு வந்தேன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுடையது. மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியோடு வருவான். பெண் போய்விட்டால் மாப்பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. என்னையும் போகச் சொல்லவில்லை. நானும் போகவில்லை. வீடு இனி அஸ்பியாவின் தங்கை ஜெனூபாவுக்கு. அவளுடைய புருஷன் கட்டாரில் வேலை செய்கிறான். அவள் முன்னறையில், நான் பின்னறையில், நடுவில் அவர்களின் தாய், என் மாமி.

ஜெனூபாவுக்குத் தை மாதம் பிள்ளை கிடைக்க வேண்டும். தையிலும் ஆறு வற்றாது.

மேஜர் கேட்டதை இரவுச் சாப்பாட்டில் சொன்னேன். மாமி சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"ஆரப் பத்தி எழுதப் போறீங்க, மகன்?"

என் கண் அஸ்பியா உட்காரும் இடத்துக்குப் போனது. அதுவே பதிலாகிவிட்டது.

"என்ட புள்ளய எழுதாதீங்க."

"ஏன் உம்மா?" என்றாள் ஜெனூபா.

"குண்டுக்காசும் பாலக்காசும் ஒரே பைக்குள்ளதான் கிடக்கு. டிவியில நீயும் பாக்கிறாய்தானே, அந்தக் குண்டு ஆர்ட தலையில விழுகுதுண்டு. அதுகளும் புள்ளத்தாய்ச்சி பொம்புளயள்தான். அந்தப் பைக்குள்ள என்ட அஸ்பியாவப் போட ஏலா."

"பை ஆர்ட பையா இருந்தா என்ன? புள்ளப் பெறப் போறது நான்."

"வாய மூடுகா."

"நான் வாய மூடினா புள்ள வாராம நிண்டுடுமா?"

மாமிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். பிறகு எழும்பிப் போய்விட்டார். ஜெனூபா தன் சோற்றுக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மச்சான்," என்றாள், "எனக்குப் பயமா இருக்கு. உம்மாட்டச் சொல்லாதீங்க."

8

ஒரு பாத்திரத்தைப் பற்றிய சந்தேகம்.

மாமியை எனக்கு எழுத வரவில்லை. பாலம் போட்ட நாளிலிருந்து அவர் கல்முனைப் பக்கம் போகவில்லை. ஜெனூபா கிளினிக்குக்குப் போகும்போது துணைக்குப் பக்கத்து வீட்டுப் பெண்ணை அனுப்புகிறார். வெற்றிலை முடிந்தது. அதற்கும் போகவில்லை. வெற்றிலை இல்லாமல் மாமி கொள்கை பிடிப்பதை ஊரே வியந்து பார்த்தது. காலிதீன் ஒரு கட்டு வாங்கிவந்து நீட்டினான். "இது பாலத்தால வந்த வெத்திலயா?" என்று கேட்டார். "இல்ல ராத்தா, நீந்தி வந்தது" என்றான். வாங்கவில்லை.

இவரைப் பிடிவாதக்காரி என்று எழுதலாம். அது பொய். இவரைப் போலத் தூரத்து மரணத்தைப் பக்கத்து மரணமாகப் பார்க்கும் ஆளை நான் கண்டதில்லை. அப்படி எழுதினால் பாலம் போய்விடும். பாலம் போனால் ஜெனூபா.

ஆகவே முடிவுகளை யோசித்தேன்.

முடிவு ஒன்று: பெண்ணை விட்டுவிட்டுக் காலிதீனை எழுதுவது. பாலத்தால் வேலை இழந்தவன், மறு வாரமே கடக்க முடியாத ஆட்டோக்களைத் தன் பெட்டியில் ஏற்றிப் பாலத்தின் மேலாக அக்கரை சேர்க்கத் தொடங்கினான். அருமையான கதை. [அவனிடம் சொன்னேன். "என்னப் பத்தி எழுதாதீங்க சேர், வரிக் கந்தோர்க்காரன் தேடி வந்திருவான்" என்றான்.]

முடிவு இரண்டு: சிப்பாய்கள் பாலத்தை மடிக்க வரும் அதே காலையில் ஜெனூபாவுக்கு வலி தொடங்குகிறது. மேஜர் கையை உயர்த்தி இயந்திரத்தை நிறுத்துகிறார். [கெட்ட எழுத்தாளன் எழுதுவது. நானும் எழுதினேன். நன்றாகத்தான் இருந்தது. கிழித்துவிட்டேன்.]

முடிவு மூன்று: அஸ்பியாவை எழுதி அனுப்பிவிடுவது. மாமிக்கு ஆங்கிலம் தெரியாது. அவருக்கு ஒருநாளும் தெரியவராது. [இந்த முடிவோடு நெடுநேரம் இருந்தேன். இதில் ஒரு குறையும் இல்லை. அதுதான் குறை.]

9

நடந்தது நான்காவது. நான் யோசிக்காதது.

விடியற்காலை ஸுபஹு தொழுதுவிட்டு மாமி பின்னறை வாசலில் வந்து நின்றார்.

"மகன், நடுவுலண்டு சொன்னீங்களே. எந்த நடுவு?"

அன்றைக்கு மாமி எங்களோடு வரவில்லை. காய்ச்சலோடு வீட்டில் இருந்தார். அதன் பிறகு நடுவில் என்று மட்டும் சொல்லியிருந்தேன். அவரும் அதற்கு மேல் கேட்டதில்லை.

"காட்டுறன் மாமி."

முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். பாலத்தடியில் சற்று நின்றார். நான் தெற்குத் தடத்தில் ஏறினேன். அவர் யாரையும் கேட்காமல் வடக்கில் ஏறினார். அங்கிருந்த பெண்கள் ஸலாம் சொல்லி ஒதுங்கினார்கள். நாங்கள் இருவரும் பக்கம் பக்கமாக நடந்தோம், நடுவில் இடைவெளியோடு. என் தடம் என் பாரத்துக்கு அசையவில்லை. அவருடையதும் அசையவில்லை.

அந்த இடத்துக்கு வந்ததும் நின்றேன். அவரும் நின்றார்.

"இதா?"

"ஓம் மாமி."

இடைவெளியால் குனிந்து பார்த்தார். மண்ணிறத் தண்ணீர் சுழித்து ஓடியது. சென்ற வருடம் அந்தக் காலையில் உழவு இயந்திரம் நின்றது இதற்கு நேர் கீழேதான். காலிதீன் கழுத்தளவு தண்ணீரில் இறங்கித் தள்ளினான். பெட்டிக்குள் அவளுடைய தலை என் மடியில் இருந்தது. அந்தக் கரையில் அம்புலன்ஸ் வந்து நின்றது. சிவப்பு விளக்கு சுழன்றது. அது எங்களுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. கடைசிவரை தெரிந்தது.

[இவ்வளவுதான் எழுதுவேன்.]

பின்னால் வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். இரண்டு தடத்திலும். யாரும் மணி அடிக்கவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அவர்களுக்கு அந்த இடம் தெரியும். கல்முனைக் கரையில் மேஜர் ஒரு லொறியை மறித்து நிறுத்தியதைக் கண்டேன். அவருக்கு மட்டும் எதுவும் தெரியாது. ஆனாலும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

மாமி குந்தி, உள்ளங்கையை இரும்பில் வைத்தார். நாடி பார்ப்பது போல வைத்திருந்தார்.

"கட்டியான சாமான்தான்" என்றார். பிறகு, "இது அண்டைக்கு இருந்திருந்தா?"

"ஒரு ஸலவாத்து ஓதி முடிக்க முதல் கரையில நிண்டிருப்பம்."

அவர் தலையை அசைத்தார். அந்த நேரத்தில் நான் கண்டதை எப்படி எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை. யுத்தத்துக்காகச் செய்த இரும்பு ஒரு தாயின் கையைத் தாங்கிக்கொண்டிருந்தது. ஒன்றையொன்று அறிந்துகொண்டது போல இரண்டும் அசையாமல் இருந்தன. எனக்கு அழுகை வரவில்லை. வியப்பு வந்தது. அதுவும் அழுகையின் இடத்திலிருந்துதான் வந்தது.

மாமி எழும்பினார்.

"எழுதுங்க மகன்."

"மாமி?"

"பேரப் போட்டு எழுதுங்க. பேரில்லாட்டி ஆரோ ஒருத்திண்டு நினைச்சு மடிச்சிருவானுகள்." முக்காட்டைச் சரிசெய்தார். "ஆனா நான் சொன்னதையும் எழுதுங்க. ஒரே பைண்டு சொன்னன்தானே? அதையும். பாலத்துக்கு அல்லாஹ் கூலி குடுக்கட்டும். பைய நான் மன்னிக்கல்ல. அப்புடியே எழுதுங்க, குறைக்காம."

பிறகு, திரும்பிப் போகாமல், கல்முனைப் பக்கம் நடந்தார்.

"எங்க மாமி?"

"வெத்தில வாங்க."

10

அந்தப் பக்கம் இதுதான். ஆங்கிலத்தில் எழுதியதன் தமிழ்.

"அஸ்பியா சென்ற வருடம் கார்த்திகையில், பிரசவ வலியோடு, இந்த ஆற்றைக் கடக்க உழவு இயந்திரப் பெட்டியில் ஏறினாள். நடுவில் இயந்திரம் நின்றது. அந்தக் கரையில் அம்புலன்ஸ் காத்திருந்தது. அவளும் குழந்தையும் அதைப் பார்க்கும் தூரத்தில் இறந்தார்கள். இன்று அந்த இடத்துக்கு மேல் பாலம் இருக்கிறது. அது யுத்த தாங்கிகளுக்காகச் செய்யப்பட்டது. எங்கள் ஊர் அதை அறியவில்லை. இரண்டு தடத்தையும் கண்டு, பெண்களுக்கு ஒன்றும் ஆண்களுக்கு ஒன்றும் மரியாதையோடு தரப்பட்டதாக நம்பியது. ஆகவே அப்படியே நடக்கிறது. யாரும் உத்தரவிடவில்லை, யாரும் ஒதுக்கப்படவில்லை. அஸ்பியாவின் தங்கை ஜெனூபா தை மாதம் இதால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். [அஸ்பியாவின் தாய் சொல்கிறார்: குண்டின் காசும் பாலத்தின் காசும் ஒரே பையில் இருக்கின்றன. பாலத்துக்கு இறைவன் கூலி கொடுக்கட்டும். பையை நான் மன்னிக்கவில்லை.]"

மேஜர் இதை வாசித்தார். முதலில் அஸ்பியா யார் என்று கேட்டார். சொன்னேன். எழும்பி வெளியே போய் மழையில் நின்றுவிட்டு வந்தார். இரண்டாம் முறை வாசித்தார். அந்த அடைப்புக்குறிகளைப் போட்டது அவர்தான், பென்சிலால்.

"இது இல்லாமல் அனுப்பினால் பாலம் நிற்கும். நிச்சயமாகச் சொல்வேன்" என்றார்.

"இதோடு அனுப்பினால்?"

"தெரியாது. கையெழுத்திடுபவர் பையை வைத்திருப்பவர்." கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்: "அது உண்மையில்லை என்று நான் சொல்லவில்லை."

பக்கத்தை என்னிடமே திருப்பித் தந்தார். முடிவை நானே எடுத்து, நாளைக் காலைக்குள் அனுப்பச் சொன்னார்.

11

அந்த நாளைக் காலை இதுதான்.

மேசையில் பக்கம் இருக்கிறது. பென்சில் அடைப்புக்குறி இருக்கிறது. ஒரு பக்கம் மாமிக்குக் கொடுத்த சொல். மறு பக்கம் ஜெனூபா. இடைவெளியில் நான். இரண்டு தடத்திலும் கால் வைத்துப் போவது வாகனத்துக்கு முடியும். மனிதனுக்கு முடியாது என்று

முன்னறையிலிருந்து ஜெனூபா கூப்பிடுகிறாள். "மச்சான்!"

தேத்தண்ணிக்காக இருக்கலாம். கார்த்திகையே முடியவில்லை, தை இன்னும் தூரம். தேத்தண்ணியாகத்தான் இருக்க வேண்டும்.

"மச்சான்! உம்மாவையும் கூட்டிட்டு வாங்க!"

வெளியே மழை. தூரத்தில் ஏதோ வாகனம் கடக்கும் இரும்புச் சத்தம் கேட்கிறது. பாலம் இன்றைக்கு இருக்கிறது. அது எனக்குத் தெரியும்.

நான் எழும்பிப் போகிறேன். பக்கத்தை உங்கள் பக்கமாகத் திருப்பி வைத்திருக்கிறேன். பேனை அதன்மேல். அடைப்புக்குறிக்குள் இருப்பதை வெட்டுவதா விடுவதா என்று, நான் திரும்பி வருவதற்குள் நீங்கள்